தொண்டுக்குக் கிளம்பும் கல்லூரி மாணவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

செமஸ்டர் தொடங்கியதும் தன்னார்வத் தொண்டு பற்றிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இம்முறை சென்னையிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு, இந்தத் துறையில் மாணவர்களை வைத்து வேலை வாங்கிப் பழகிய எங்கள் குழு பதில் தருகிறது. கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்க ஆசை. எங்கள் பகுதியிலுள்ள தொண்டு நிறுவனத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?
– பி.எஸ்சி. கணிதம் முதலாமாண்டு மாணவி, பெரம்பூர்

முதலாமாண்டு என்பதே உங்களுடைய பெரிய தகுதி. தேர்வு எழுதுபவரே ஸ்கிரைபை (அவர் சொல்லச் சொல்ல எழுதித் தருபவரை) அழைத்து வருவதாக இருந்தால், அந்த ஸ்கிரைபின் படிப்பு அவருடைய படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. 2025-இல் அதன் இடத்தில் புதிய வழிகாட்டுதல் வந்திருக்கிறது. பட்டதாரிகளுக்கான தேர்வுக்குப் பட்டம் முடித்த ஒருவர் நல்ல மனதோடு போய் நின்றாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிளஸ் டூ முடித்து, பட்டம் இன்னும் கையில் வராத உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தேவை அதிகம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. தேர்வுக்குத் தேர்வும் மாறுகின்றன. அதனால் அந்தந்தத் தேர்வின் அறிவிப்பில் ஸ்கிரைப் பற்றிய பத்தியை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். நீங்களும் அதே தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தால் அதில் ஸ்கிரைபாக உட்காரக் கூடாது. வங்கித் தேர்வுகளில் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள்.

அடையாள அட்டையின் அசல், அதன் நகல், படிப்புச் சான்றின் நகல், இரண்டு புகைப்படம், இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம், ஒரே மை நிறத்தில் இரண்டு பேனா ஆகியவற்றை முதல் நாள் இரவே எடுத்து வைத்துவிடுங்கள். படிவத்தில் ஒட்டிய படமும் அடையாள அட்டைப் படமும் ஒத்துப்போகவில்லை என்றால் அரை மணி நேரம் அலுவலக அறையில் போகும். அந்த அரை மணி தேர்வு எழுதுபவருடையது.

தேர்வுக்கு முன் ஒருமுறையாவது அவரைச் சந்தியுங்கள், ஒரு மணி நேரம் போதும். கேள்வித்தாளை முழுவதும் ஒருமுறை வாசிக்க வேண்டுமா, கேள்வி கேள்வியாகப் போகலாமா? 'அல்லது' கேள்விகளில் இரண்டையும் வாசித்துவிட்டு நிறுத்த வேண்டுமா? எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் சொல்ல வேண்டும்? எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டுமா? பழைய கேள்வித்தாள் ஒன்றை வைத்து இரண்டு கேள்வி எழுதிப் பார்த்தால் இவையெல்லாம் தானாகத் தெளிந்துவிடும். முதன்முறை எழுதுபவர்கள் பெரும்பாலும் வேகமாக வாசித்துவிட்டு மெதுவாக எழுதுகிறார்கள். வேண்டியது நேர்மாறாக.

கணிதம் தெரிந்தவர் நீங்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறோம். 'வர்க்கமூலம் எக்ஸ் கூட்டல் 1' என்று வாசித்தால், 1 மூலத்துக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கேட்பவருக்குத் தெரியாது. 'வர்க்கமூலம் தொடக்கம், எக்ஸ் கூட்டல் 1, வர்க்கமூலம் முடிவு' என்று சொல்லுங்கள். அடைப்புக்குறிக்கும் பின்னத்துக்கும் இதே முறைதான்: 'பின்னம் தொடக்கம், தொகுதி இது, பகுதி இது, பின்னம் முடிவு.' அட்டவணை வந்தால் எத்தனை வரிசை, எத்தனை பத்தி என்று முதலில் சொல்லி, தலைப்புகளை வாசித்து, பிறகு வரிசை வரிசையாகப் போங்கள். வரைபடத்தில் கிடை அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன, அளவு எவ்வளவு, பிறகுதான் கோடு ஏறுவதும் இறங்குவதும்.

ஓ.எம்.ஆர். தாளில் ஒரு கேள்வியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, அதன் வட்டத்தில் அடுத்த கேள்வியின் விடையைக் கருப்பாக்கிவிட்டால் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரிசை நகர்ந்துவிடும். பத்துக் கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபாருங்கள்.

கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் தரப்பட வேண்டும். மூன்று மணி நேரத் தாள் என்றால் நான்கு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அன்று மதியம் வேறு வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏப்ரலிலும் நவம்பரிலும்தான் ஸ்கிரைப் கிடைக்காமல் அலைகிறார்கள், ஏனென்றால் எழுதக்கூடிய மாணவர்களுக்கும் அப்போதுதான் செமஸ்டர். உங்கள் தேர்வு அட்டவணை வந்தவுடன் அதன் நகலை நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, 'இந்தத் தேதிகளில் காலை முடியும், இந்தத் தேதிகளில் மதியம் முடியும்' என்று எழுதிக் கொடுங்கள். 'எப்ப வேணா கூப்பிடுங்க' என்று சொல்பவரைவிட இப்படிப் பட்டியல் தருபவர்தான் ஒருங்கிணைப்பாளருக்கு வேண்டும்.

போன மாதம் ஒரு அண்ணாவுக்கு எழுதினேன். அவர் சொன்ன விடை தவறு என்று எனக்குத் தெரிந்தது. 'நீயே சரியானதைப் போடேன்' என்றும் கேட்டார். மனசு கேட்கவில்லை, ஆனால் எழுதவில்லை. செய்தது சரியா?
– பி.ஏ. இரண்டாமாண்டு மாணவர், சைதாப்பேட்டை

சரி. மாட்டினால் அவருடைய தேர்வு ரத்தாகும், ஸ்கிரைப் வசதியைப் பயன்படுத்தும் மற்றவர்கள் மேலும் சந்தேகம் விழும். இனி முதல் சந்திப்பிலேயே, 'நீங்க சொல்றதை அப்படியே எழுதுவேன்ணா, என் பக்கத்துலேருந்து ஒண்ணும் சேர்க்க மாட்டேன்' என்று சொல்லிவிடுங்கள். ஹாலில் வரும் தர்மசங்கடம் பாதி குறையும்.

இன்னொன்று, தெரியாமல் செய்யும் உதவி. சரியான விடை வரும்போது குரல் சற்று அழுந்தும், அல்லது அதற்கு முன்னால் ஒரு நொடி தயங்குவோம். காது கூர்மையாக இருப்பவர் அதைப் பிடித்துக்கொள்வார். நான்கு விடைகளையும் ஒரே குரலில், ஒரே இடைவெளியில் வாசித்துப் பழகுங்கள். மொழித்தாளில் ல, ள, ழ எதைப் போடுவது என்ற சந்தேகம் வந்தால் அவரைக் கேட்டு எழுதுங்கள். மதிப்பெண் அவருடையது, எழுத்தும் அவருடையதாகவே இருக்கட்டும்.

வியாசர்பாடியில் மாலை நேர வகுப்பு எடுக்கிறோம். இருபத்தைந்து பிள்ளைகள், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. வீட்டுப்பாடம் செய்ய வைப்பதிலேயே ஒன்றரை மணி நேரமும் போய்விடுகிறது. ஆறாவது படிக்கும் பிள்ளைக்குக்கூட எழுத்துக் கூட்டத்தான் தெரிகிறது. நாங்கள் மூன்று பேர். எப்படிச் சமாளிப்பது?
– பி.காம். மாணவிகள், வியாசர்பாடி

வீட்டுப்பாடத்தில் ஒன்றரை மணி நேரமும் போகிறது என்றால், கைடைப் பார்த்து எழுதுவதற்கு நீங்கள் காவல் இருக்கிறீர்கள் என்று பொருள். அதற்கு அரை மணிக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதி ஒரு மணியில் பாதி வாசிப்பு, பாதி கணக்கு.

வகுப்பு வாரியாக உட்கார வைப்பதை முதலில் விடுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து ஐந்து நிமிடம் வாசிக்கக் கேளுங்கள். ஓர் அட்டையில் பத்து எழுத்து, அடுத்ததில் பத்துச் சொல், அடுத்ததில் நான்கு எளிய வாக்கியம், கடைசியில் ஒரு சின்னக் கதை. எந்த அட்டையில் தடுக்குகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் குழு. இருபத்தைந்து பேருக்கு இரண்டு மாலை ஆகும். எட்டாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்படுவான். அவனைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல் அட்டை காட்டுபவனாக உட்கார வையுங்கள். காட்டுவதற்காகவாவது வாசிப்பான்.

எழுத்து தெரியும், சேர்த்து வாசிக்க வராது என்றால் குறை பெரும்பாலும் உயிர்மெய்க் குறிகளில் இருக்கும். படம், மரம், பழம் போலக் குறியே இல்லாத சொற்களில் தொடங்குங்கள். அடுத்து துணைக்கால்: பாடம், மாடம். அடுத்து இகரம், ஈகாரம். உகர, ஊகாரத்துக்கு அவசரப்படாதீர்கள். கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம் என்பதால் தினம் மூன்று எழுத்து போதும். கொம்பு வருபவை கடைசியில். 'கொ'வில் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கின்றன. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும் பிள்ளை அதைக் 'கெ', 'கா' என்று இரண்டாக வாசித்துவிடும். முழு எழுத்தையும் விரலால் வட்டமிட்டுக் காட்டிய பிறகு வாசிக்கச் சொல்லுங்கள்.

கணக்கில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதினால், ஒன்றாம் இடத்தில் 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. கவனக்குறைவு என்று திட்டினால் மாறாது. இடமதிப்பு புரியவில்லை என்பதற்கான அடையாளம் அது. நூறு ஐஸ் குச்சியும் ரப்பர் பேண்டும் வாங்குங்கள். ஐந்து பத்துக்கட்டு, இரண்டு உதிரி. ஏழு குச்சி கேட்டால் கட்டு ஒன்றை அவிழ்க்காமல் தர முடியாது. அவிழ்த்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு போக ஐந்து, இரண்டு கட்டு போக இரண்டு: 25. பிள்ளை தன் கையால் அவிழ்க்க வேண்டும், நீங்கள் அவிழ்த்துக் காட்டக் கூடாது. இது கைவந்த பிறகு 503-லிருந்து 178. நடுவில் சுழியம் வரும் கணக்குக்குக் குச்சி போதாது, காகிதத்தில் நூறு, பத்து, ஒரு ரூபாய்த் தாள் வெட்டிச் சில்லறை மாற்ற வையுங்கள். சில்லறை விஷயத்தில் கடைக்குப் போய்ப் பழகிய பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள்.

வாசலில் ஒரு நோட்டு தொங்கட்டும். இன்று எந்தக் குழு எதுவரை வந்தது, யார் வரவில்லை என்று தினம் இரண்டு வரி. உங்களுக்கு செமஸ்டர் வரும் அதே வாரங்களில் பிள்ளைகளுக்கும் பரீட்சை நெருங்கும். அப்போது மூன்று பேரும் ஒன்றாகக் காணாமல் போவதுதான் இப்படிப்பட்ட வகுப்புகள் கலைவதற்கு முதல் காரணம். இரண்டு ஜூனியர்களை ஒரு மாதம் முன்னதாகவே உட்கார வைத்துப் பழக்கினால், அந்த நோட்டை வைத்து அவர்கள் ஓட்டிவிடுவார்கள்.

அந்தப் பிள்ளைகளோடு எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் போடலாமா?
– அதே மாணவிகள்

வேண்டாம். இல்லங்களில் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளை அடையாளம் காட்டும் படம், பெயர், பள்ளி எதையும் வெளியிடச் சிறார் நீதிச் சட்டம் 2015 தடை விதிக்கிறது. மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் எழுத்து ஒப்புதலை நிறுவனம்தான் வாங்க வேண்டும், நீங்கள் அல்ல. குச்சிக்கட்டையும் சுவர் அட்டையையும் படமெடுத்துப் போடுங்கள். பிள்ளைகளின் சொந்த போன் எண்ணை வாங்காதீர்கள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஒரு பிள்ளையோடு உட்காராதீர்கள். யாராவது அடி, தொல்லை என்று சொன்னால் 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காமல் அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். சிறார் உதவி எண் 1098.

ஒரு அறக்கட்டளையில் 'இன்டர்ன்ஷிப்' என்று சேர்ந்தேன். பதிவுக் கட்டணம் 500 ரூபாய். இப்போது தி. நகரில் நின்று உண்டியலும் க்யூ.ஆர். கோடும் வைத்து வசூல் செய்யச் சொல்கிறார்கள். வாரம் 5,000 ரூபாய் இலக்கு. முடித்தால்தான் சான்றிதழாம்.
– பி.பி.ஏ. மாணவர், குரோம்பேட்டை

இதற்குப் பெயர் விற்பனை வேலை, அதுவும் சம்பளம் இல்லாமல். முறையாக நடக்கும் நிறுவனம் தன்னார்வலரிடம் பணம் வாங்கிக்கொண்டு சேர்க்காது.

இருந்தாலும் பார்த்துவிடுங்கள். தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் அந்த அறக்கட்டளையின் பெயர் இருக்கிறதா? 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிக்கழிவு) என்று வழங்கும் வருமான வரிப் பதிவுகளின் நகலைக் காட்டுவார்களா, அவை காலாவதியாகாமல் இருக்கின்றனவா? நீங்கள் கையில் வைத்திருக்கும் க்யூ.ஆர். கோடை உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்யுங்கள். அறக்கட்டளையின் பெயர் வர வேண்டும். தனிநபர் பெயர் வந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். கொடுப்பவர் கேட்டால் பான் எண் அச்சிட்ட, வரிசை எண்ணுள்ள ரசீது தர முடிகிறதா? ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் வரிக்கழிவு கிடையாது என்பது வசூல் செய்பவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

தெருவில் பணம் தந்தவர்கள் நாளை உங்கள் முகத்தைத்தான் நினைவு வைத்திருப்பார்கள். அந்த 500 ரூபாயைத் தலைமுழுகிவிட்டு, 'விலகிவிட்டேன், அடையாள அட்டையைத் திருப்பித் தந்துவிட்டேன்' என்று மின்னஞ்சலில் எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சாப்பாட்டை எடுத்து விநியோகிக்கும் அமைப்பில் ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். கெட்டுப்போகாமல் கொண்டு சேர்ப்பது எப்படி?
– பொறியியல் மாணவர்கள், கிண்டி

அமைப்பு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்கிறதா என்று கேளுங்கள். மிகை உணவு விநியோகத்துக்கென்றே 2019-இல் விதிமுறை வந்திருக்கிறது.

போன் வந்ததும் கேட்க வேண்டியவை: எப்போது சமைத்தது, எப்போது மூடி திறந்தது, இலையில் பரிமாறாமல் பாத்திரத்திலேயே இருப்பது எவ்வளவு, பாத்திரம் யாருடையது. கடைசிக் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அண்டாக்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவை, அன்றே திரும்பிப் போயாக வேண்டும். உங்கள் பாத்திரம் இல்லாமல் போனால் சோற்றைப் பிளாஸ்டிக் பையில் வாரிக்கொண்டு வர நேரும்.

'நூறு பேருக்கு இருக்கும் தம்பி' என்பதை நம்பிக் கிளம்பாதீர்கள். சாம்பார் நூறு பேருக்கு இருக்கும், சோறு நாற்பது பேருக்குத்தான் வரும். ஒருவருக்குச் சுமார் 300 கிராம் சோறு என்று வையுங்கள். 15 கிலோ இருந்தால் 50 பேர். சோற்றின் கணக்கை வைத்துத்தான் எந்த இல்லத்துக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும்.

சூடாக இருப்பது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். குச்சி போன்ற டிஜிட்டல் வெப்பமானியைப் பாத்திரத்தின் நடுவில் செருகிப் பாருங்கள், ஓரத்தில் அல்ல. அதற்குக் கீழே இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் எடுக்காதீர்கள். சோற்றில் வளரும் ஒருவகை பாக்டீரியா விடும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 'கொதிக்க வெச்சா சரியாயிடும்' என்ற பேச்சு சோற்று விஷயத்தில் செல்லாது. தேங்காய்ச் சட்னி, தயிர்ப் பச்சடி, பால் பாயசம், தேங்காய் அரைத்த கூட்டு ஆகியவற்றைச் சென்னை வெயிலில் தொடவே வேண்டாம். சப்பாத்தி, வடை, உலர்ந்த இனிப்பு நிற்கும்.

இரவு ரிசப்ஷன் சாப்பாட்டைவிட முகூர்த்தத்தன்று மதியம் மிஞ்சுவது நல்லது. பத்தரை மணிக்கு நீங்கள் அண்டாவோடு போய் நிற்கும்போது மாநகராட்சிக் காப்பகத்தில் இருப்பவர்கள் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். தூங்குபவர்களைத் தட்டி எழுப்பிப் பொட்டலம் தருவது நமக்குத்தான் திருப்தி. மதியம் இரண்டரைக்குக் கிடைத்தால் மூன்றரைக்குள் கொடுத்து, நான்கரைக்குள் சாப்பிட வைத்துவிடலாம். முன்கூட்டியே போன் செய்து, 'இன்னிக்கு சமைச்சுட்டீங்களா?' என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

என்.எஸ்.எஸ். 120 மணி நேரத்தில் இந்த வேலைகளைச் சேர்க்க முடியுமா?
– பி.சி.ஏ. மாணவி, ஆவடி

ஆண்டுக்கு 120, இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது கணக்கு. வெளி நிறுவன வேலையைச் சேர்ப்பது உங்கள் கல்லூரித் திட்ட அலுவலரின் கையில் இருக்கிறது. சேரும் முன்பே நிறுவனத்திடம் கடிதம் வாங்கி அவரிடம் கொடுங்கள், முடித்த பிறகு போய் நிற்காதீர்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, கையெழுத்து என்று ஒவ்வொரு வருகைக்கும் அன்றே வரி போடுங்கள். ஆண்டுக் கடைசியில் ஒரே பேனாவில் நாற்பது கையெழுத்து இருந்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. பயண நேரத்தைச் சேர்க்காதீர்கள்.

என் மகள் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் பெரும்பாக்கம் போகிறாள். திரும்ப எட்டரை ஆகிறது. தடுக்க மனமில்லை, பயமாகவும் இருக்கிறது.
– ஒரு தாய், மேடவாக்கம்

தடுக்க வேண்டாம் அம்மா. நிறுவனத்திடம் நான்கு விஷயம் கேளுங்கள்: இரண்டு பேராகத்தான் அனுப்புகிறார்களா, புகைப்படத்துடன் அடையாள அட்டை தந்திருக்கிறார்களா, அன்று அவள் போகும் அடுக்குமாடி பிளாக்கின் எண்ணும் ஒருங்கிணைப்பாளரின் எண்ணும் உங்களுக்கு வருமா, ஆறரைக்குக் களத்திலிருந்து கிளப்பிவிடுவார்களா. 'வேலைக்குப் போனவங்க ராத்திரிதான் வீட்டில் இருப்பாங்க' என்பார்கள். அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை இருக்கிறது.

மாதம் நான்கு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். அதுவும் வீட்டிலிருந்தபடி. ஏதாவது இருக்கிறதா?
– பி.டெக். மாணவர், தாம்பரம்

பார்வையற்றோர் படிக்கும் பாடநூல்களைத் திருத்தித் தருவது உங்களுக்குப் பொருந்தும். பி.டி.எஃப். கோப்பு இருந்தாலே திரைவாசிப்பு மென்பொருள் வாசித்துவிடும் என்று நினைக்கிறோம். ஸ்கேன் செய்த பக்கம் அதற்கு வெறும் படம். பழைய பாமினி, டாம், டாப் எழுத்துருவில் தட்டச்சு செய்த நோட்ஸ் திரையில் அழகான தமிழ், ஆனால் உள்ளே ரோமன் எழுத்துகளும் குறியீடுகளும்தான். மென்பொருள் வாசித்தால் உளறலாக வரும். அதை யூனிகோடுக்கு (எல்லாக் கணினியும் அறியும் பொது எழுத்து முறைக்கு) மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் பார்த்தாக வேண்டும்.

ஸ்கேன் 300 டி.பி.ஐ.யில், வளைவில்லாமல் இருக்கட்டும். எழுத்துணரிக்கு (படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருளுக்கு) அனுப்பி வரும் உரையில் துணைக்காலும் 'ர'வும் இடம் மாறியிருக்கும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்பியிருக்கும், பக்க எண் வாக்கியத்தின் நடுவில் வந்து விழுந்திருக்கும். 'காரம்' என்பது 'கரரம்' ஆகியிருந்தால் கண்ணில் படும், 'செடி' 'சேடி' ஆனால் நழுவிவிடும். அதனால் திருத்தி முடித்ததும் போனிலுள்ள வாசிப்பானில் ஓடவிட்டுக் காதால் கேளுங்கள். படங்களுக்கு இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். தலைப்புகளுக்குத் தடித்த எழுத்து போடுவதோடு நிற்காமல், வேர்டில் தலைப்பு நடையையே (ஹெடிங் ஸ்டைல்) கொடுங்கள். திரைவாசிப்பானில் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்ல அதுதான் உதவும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இப்படி நகல் செய்து தருவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் அனுமதிக்கிறது. அதற்காகக் கோப்பைப் பொதுவில் ஏற்றிவிடாதீர்கள், நிறுவனத்துக்கு மட்டும் அனுப்புங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. ஒரு மதியம் அங்கே போனால், வாசகர்கள் இந்தக் கோப்புகளை எந்த வேகத்தில் கேட்கிறார்கள் என்று தெரியும். பழகிய காதுக்கு நம் வேகம் போதாது.